எலுமிச்சைக்குப் போர்த்திய சீர்ப் போர்வைகள்

ரிஷ்தான்,
அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி.

மதிப்பிற்குரிய மர்கிலான் சம்பந்தி மமதலி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் சோபிர் எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் உங்கள் வீட்டார் மீதும் அமைதி உண்டாகட்டும். நீங்கள் நலமா, உங்கள் ரத்த அழுத்தம் நலமா, சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமா, மாப்பிள்ளை ஓடில் நலமா, கொரியாவிலிருந்து அவர் கொண்டுவந்த இருமல் விட்டதா, உங்கள் புதுப் பல் செட் ஈறில் உட்கார்ந்துவிட்டதா, சினைப் பசு கன்று போட்டுவிட்டதா, தோட்டத்தில் சீமைப் பனிச்சைப் பழங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டனவா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம். என்னையும் சேர்த்து நலம் என்று எழுதியிருப்பது மரியாதைக்காக.

இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் நான் உங்கள் பல் செட்டைப் பற்றி அந்தரங்கமாகக் கேட்டபோது பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். இது அப்படிச் சிரிக்கக்கூடிய விஷயம் அல்ல. நாளைக் காலை என் பக்கத்து வீட்டுக் கோச்கோர் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மர்கிலான் வருகிறார். இதை அவர் உங்கள் கையிலேயே தருவார். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள். கேட்பது ஒன்றுதான்: நாளை மறுநாள் வியாழக்கிழமை சம்பந்தியம்மாவும் அவருடைய தங்கைகளும் எங்கள் பெண் மோகிதிலின் சீர்ப் போர்வைகளைப் பார்க்க வருவதாக இருக்கிறதே, அதை உங்கள் பக்கத்திலிருந்தே ஏதாவது காரணம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். முழங்காலைச் சொல்லலாம். பசுவையும் சொல்லலாம். எது வசதியோ அதைச் சொல்லுங்கள், ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து வந்ததாக மட்டும் இருக்கக் கூடாது. ஏன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் வசந்தத்தில் ரொட்டியைப் பிய்த்து நிச்சயம் செய்த அன்று நீங்கள் ஒரு தொட்டியில் எலுமிச்சைக் கன்று கொண்டுவந்தீர்கள். முற்றத்தில் பதினேழு பேர் இருக்கும்போது என் தோளில் கையைப் போட்டு நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "சம்பந்தி, எனக்குப் பட்டு வேணாம், பவிசு வேணாம். கல்யாணத்தன்னிக்கு இந்த மரத்துப் பழத்த உங்க கையால பிழிஞ்சு ஒரு டீ குடுங்க, அது போதும் எனக்கு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி ஹுர்ரியத்துக்குக் கலங்கவில்லை. நீங்கள் போன பிறகு, "அவரு ஏதோ மரியாதைக்குச் சொன்னாருங்க. நம்ம ஊர்ல பச்சைத் தேநீர்ல யாரு எலுமிச்சம்பழம் பிழியறாங்க?" என்றாள். ரொட்டி பிய்க்கிற இடத்தில் ஒரு மனிதர் சொல்லுகிற சொல் வெறும் பேச்சாக இருக்காது என்று நான் சொன்னேன். அன்று முதல் அந்த மரம் என் பொறுப்பு. சுவரோரமாக ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, இங்கே எல்லோரும் எலுமிச்சையை வைப்பதுபோல அதற்குள் இறக்கி நட்டேன். இந்த வருடம் பதினோரு பூ பூத்தது, மூன்று நின்றது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மூன்று காய்களின் குறுக்களவை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து நோட்டில் குறித்துவந்தேன். அளவுகோல் பள்ளிக்கூடத்துடையது. ஓய்வு பெறும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது.

முப்பத்துநாலு வருடமாக எங்கள் தெருவின் வெப்பநிலையை நான் நோட்டில் எழுதிவருவது உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் போன வாரம் டீக்கடையில், நவம்பர் பத்துக்கு முன் தரை உறையாது, யாரும் தக்காளியைப் பறிக்க அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் வானிலை சொல்லும் பெண், திங்கள் இரவு கழிந்து செவ்வாய் விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். திங்கள் காலை தெருவில் பதினோரு வீட்டுப் பெண்கள் வாளியும் கையுமாகப் பச்சைத் தக்காளியைப் பறித்துக்கொண்டே என் வாசலைப் பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் தக்காளி முக்கியமில்லை, மரம்தான் முக்கியம். குழியின் வாயை மூட நான் வைத்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைத் தேடினேன். அது மூன்று துண்டாகிப் புதுச் சோபாவின் மேல் கிடந்தது. கல்யாணம் வரை தூசி படக் கூடாது என்று ஹுர்ரியத் வெட்டிப் போட்டிருந்தாள். கேட்கலாம் என்றால் அவள் கோகந்தில் தங்கை வீட்டுத் தொட்டில் விருந்துக்குப் போய் மூன்று நாளாகிறது. புதன் மாலைதான் திரும்புகிறாள்.

வைக்கோல் கேட்கலாம் என்று கோச்கோர் வீட்டுக்குப் போனேன். இவர் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், படிப்பு குறைவு, வாய் அதிகம். என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க வாத்தியாரே. நவம்பர் பத்துக்கு முன்னாடி குளிர் வராதுன்னு டேபிளத் தட்டிச் சொன்னீங்க. அப்ப இது யாரு, குளிரோட தம்பியா?"

"கேலி அப்புறம் பண்ணலாம் கோச்கோர். எலுமிச்சைய மூடணும், கொஞ்சம் வைக்கோல் குடுங்க."

"வைக்கோல் எதுக்கு? அத்தி, மாதுளை, திராட்சை எல்லாத்தையும் வளைச்சுப் படுக்கப் போட்டு மண்ண இழுத்து மூடிடறோம்ல, அதே மாதிரி மூடுங்க. உங்க எலுமிச்சை என்ன, பெரிய எடத்துப் பொண்ணா?"

"அது இலை உதிர்க்காத மரம். மண்ணப் போட்டா மூச்சு முட்டிச் செத்துரும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க, வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி சந்தலியில உக்கார வைங்க!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். வைக்கோல் கொடுக்கவில்லை, மாட்டுக்கே போதாதாம்.

அவர் கேலியாகச் சொன்னது என் தலையில் பாடமாக ஏறிவிட்டது சம்பந்தி. யோசித்துப் பாருங்கள், சந்தலி என்பது என்ன? நம் வீடுகளில் தரையில் குழி வெட்டி, அதில் தணல் போட்டு, மேலே குட்டை மேசையை வைத்து, மேசைமேல் பெரிய பஞ்சுப் போர்வையைப் போர்த்தி, எல்லோரும் காலை உள்ளே நீட்டிக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் ஓட்டிவிடுகிறோம். ஒரு வாளித் தணல் ஏழு பேரைத் தாங்குகிறது என்றால் மூன்று எலுமிச்சையைத் தாங்காதா? குழி ஏற்கெனவே இருக்கிறது. தணலும் மேசையும் போர்வையும்தான் வேண்டும். காலையிலேயே நாடாவை எடுத்து எங்கள் சந்தலி மேசையை அளந்தேன். குழியின் வாய்க்கு அச்சாகப் பொருந்தியது, ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. அதுவே எனக்குக் கடவுள் காட்டிய அடையாளம் போல இருந்தது. பிறகு மதியம் வரை குழிக்குள் இறங்கித் தெர்மாமீட்டர் கட்டுவதும், அடிமண்ணைச் சமன் செய்வதுமாக இருந்தேன்.

போர்வைக்குப் பரணில் ஏறிப் பார்த்தேன். வழக்கமாக அங்கே இருக்கும், எங்களுக்கும் விருந்தாளிகளுக்குமான குளிர்காலப் போர்வைகள் ஒன்றுகூட இல்லை. ஹுர்ரியத் உதறி வெயிலில் போட யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். மணி ஆறு. குளிர் இறங்க ஆரம்பித்துவிட்டது. மோகிதிலுக்கு அன்று மருந்துக் கடையில் மதியத்திலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. வீட்டில் நானும், உள்ளறையில் பெட்டியின் மேல் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த சீர்ப் போர்வைகளும்தான். இருபது போர்வை, இரண்டிரண்டாக வெள்ளைத் துணியில் கட்டிய பத்து மூட்டை. நான் அதில் கை வைத்தேன். நாலு மூட்டைதான். துணியை அவிழ்க்கவில்லை, துணியோடு இருந்தால் மண் ஒட்டாது, விடிந்ததும் தட்டிவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தணல் வாளியைக் குழியில் மரத்தடியில் இறக்கி, வாயின் மேல் மேசையை வைத்து, மேசை மேலும் அதன் கால்களுக்கு நடுவிலிருந்த சந்துகளிலும் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கி, கையை வைத்துப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. மூன்று பழங்களையும் நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன், நான் மட்டும் கோட்டைப் போர்த்திக்கொண்டு.

விடியலில் தொழுகைக்குக் கைகால் கழுவ வெளியே வந்தபோது பஞ்சு தீய்கிற வாசனை. வெளித் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று காட்டியது. அந்தப் பெண் சொன்னது சரிதான். குழிக்குள் இருந்தது ஐம்பத்தொன்று காட்டியது. எலுமிச்சைக்குப் பதினைந்து போதும். சந்தில் செருகிய ஒரு மூட்டை சரிந்து நேராகத் தணல் வாளிமேல் போய் உட்கார்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் கோச்கோர் சுவரேறிக் குதித்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்து வாளித் தண்ணீரை ஊற்றினார். எரிந்த மூட்டை மேல் ஊற்றியிருக்கலாம், நாலு மூட்டை மேலும் ஊற்றிவிட்டார். ஊற்றி முடித்து மூச்சு வாங்கிய பிறகு, "ஏன் வாத்தியாரே, மரத்துக்கு டீயும் ரொட்டியும் குடுத்தீங்களா, இல்ல வெறும் சந்தலிதானா?" என்று கேட்டார். முந்தின நாள் அவர் தன் தக்காளிச் செடிகள் மேல் பழைய மழைக்கோட்டைத் தூக்கி எறிந்ததோடு சரி. அவற்றில் ஒரு இலைகூட வாடவில்லை.

மரத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பாதி இலை சுருண்டுவிட்டது. ஒரு பழம் கிளையிலேயே வெந்துவிட்டது, தொட்டால் குழைகிறது. இன்னொன்று சாம்பலில் விழுந்துவிட்டது. மூன்றாவது, வடக்குச் சுவர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தது, நன்றாக இருக்கிறது, குறுக்களவு ஐம்பத்துநாலு மில்லிமீட்டர். எரிந்த மூட்டையில் வெள்ளைத் துணியைத் தாண்டி நம் ரொட்டி அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குள் சிவப்புச் சாட்டின் துணி கருகித் தெரிந்தது. அதற்கு மேல் அவிழ்த்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மோகிதில் எழுவதற்குள் நாலு மூட்டையையும் சொட்டச் சொட்டத் தூக்கிக் கோச்கோரின் வைக்கோல் கொட்டகையில் ஒளித்துவிட்டேன். உள்ளறை அடுக்கில் நாலு மூட்டை குறைவது கண்ணில் அடித்தது. என்னுடைய வெப்பநிலை நோட்டுகளையும் பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்களையும் வெள்ளை விரிப்பில் சுற்றி நாலு மூட்டையாக்கி இடையில் செருகியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் சம்பந்தியம்மா கையை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், அதுதானே முறை.

காலை டீ குடிக்கும்போது மோகிதில், "ஏம்ப்பா, உங்க மேல ஒரே புகை வாசனையா இருக்கு?" என்றாள்.

"தக்காளிக்குப் புகை போட்டேன்மா."

"தக்காளியத்தான் நேத்தே பறிச்சாச்சே."

"வேருக்குப் போட்டேன்."

அவள் பாலாடைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "எலுமிச்சை எப்படி இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். முப்பத்துநாலு வருடம் பையன்கள் சொன்ன பொய்களை நின்றுகொண்டு கேட்டவன் நான். பொய் சொல்லுகிற பக்கம் இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதெல்லாம் தெரியாது.

சம்பந்தி, எனக்கு இருப்பது ஒரே பெண், இருபத்துமூன்று வயது. ஆகஸ்ட் மாதம் முழுக்க எட்டு வீட்டுப் பெண்கள் எங்கள் முற்றத்தில் பஞ்சை அடித்துப் பரப்பி அந்த இருபது போர்வையைத் தைத்தார்கள். கோச்கோரின் மனைவி ஒய்னிசாவுக்குக் கட்டைவிரலில் ஊசி குத்திய காயம் இன்னும் ஆறவில்லை. சம்பந்தியம்மா தங்கமானவர்கள், குறைவாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாம் அடுக்கை அண்ணாந்து பார்த்து எண்ணுவார்கள், ஈர வாடையடிக்கும் போர்வையை விரித்துக் கொடுக்கும்போது என் பெண்தான் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். வாத்தியார் பெண் பொத்தல் போர்வையோடு வந்தாள் என்று ஒரு சொல் பிறந்துவிட்டால் அது நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகாது. தப்பு செய்தது நான். வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரம் கிடைத்தால் ஒய்னிசாவின் காலில் விழுந்தாவது இரண்டு புதுப் போர்வை தைத்து வாங்கிவிடுவேன், மற்ற ஆறையும் பிரித்து வெயிலில் காயவைத்துவிடுவேன். வெயிலைப் பற்றி நான் முன்கூட்டி எதுவும் சொல்லப்போவதில்லை.

உங்கள் டீக்கு ஒரு பழம் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. இறைவன் உங்கள் ஆயுளை நீட்டட்டும், உங்கள் அடுப்பு அணையாமலும் உங்கள் பசுவுக்குப் பால் வற்றாமலும் இருக்கட்டும், மாப்பிள்ளையின் நெஞ்சுச் சளி கரையட்டும், கல்யாண நாளில் வானம் வெளுத்திருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ஆனால் கடிதத்தில் வந்ததாகச் சொல்லாதீர்கள்.

என்றும் உங்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்ட,
சோபிர்.

பின்குறிப்பு, அதே நாள் மாலை ஐந்தரை: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வியாழக்கிழமையே எல்லோரும் வரட்டும். முழங்காலும் நலமாக இருக்கட்டும். இந்த உறையைக் கொடுக்கக் கோச்கோர் வீட்டுக்குப் போனேன். உள்ளேயிருந்து ஒய்னிசா, "அந்தக் கடுதாசியெல்லாம் இனி எதுக்கு வாத்தியாரே, இப்படி வாங்க" என்று கூப்பிட்டு அவர்களுடைய விருந்தாளி அறையைத் திறந்து காட்டினாள். இருபது சீர்ப் போர்வையும் அங்கே காய்ந்த பஞ்சு வாசனையோடு அடுக்கி இருந்தன. நடந்தது இதுதான். திங்கள் காலை நான் நாடாவை வைத்துச் சந்தலி மேசையை அளப்பதை மோகிதில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். நான் குழிக்குள் தலை மறைய இறங்கியிருந்த நேரத்தில், அவளும் ஒய்னிசாவும் தள்ளுவண்டியில் நாலு நடையாகப் புதுப் போர்வைகளைக் கடத்திவிட்டு, பரணிலிருந்த எங்கள் பழைய போர்வைகளை அதே வெள்ளைத் துணிகளில் கட்டிப் பெட்டி மேல் அடுக்கிவிட்டார்கள். பழையதும் சிவப்புச் சாட்டின்தான். முப்பது வருடமாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிற போர்வை, எனக்கு அடையாளம் தெரியவில்லை. எரிந்தது என்னுடையதும் ஹுர்ரியத்துடையதும்.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று மோகிதிலிடம் கேட்டேன். "சொன்னா நீங்க வேற எதையாவது எடுத்திருப்பீங்கப்பா. மாப்பிள்ளைக்கு வாங்கின ஓவர்கோட் பக்கத்துலயே தொங்குச்சு" என்றாள். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க, நாளைக்கு வந்ததும் போர்வையத்தான் கேப்பாங்க." என் நோட்டு மூட்டைகளையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. அதில் ஒன்றை அப்படியே கட்டிச் சீரோடு எடுத்துக்கொண்டு போகிறாளாம். எதற்கு என்றால், "மர்கிலான்லயும் யாராவது ஒருத்தர் நவம்பர் பத்துன்னு சொல்லணும்ல" என்கிறாள். ஆகவே வியாழக்கிழமை சம்பந்தியம்மா கீழிருந்து மூன்றாவது மூட்டையை மட்டும் அழுத்தாமல் இருந்தால் போதும். எலுமிச்சை மரத்தின் மேல் இப்போது கோச்கோரின் மழைக்கோட்டு இருக்கிறது. அதையும் அவள்தான் வாங்கிவந்து போட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புவது உங்களுக்கு ஒரு எச்சரிக்கையாக. அடுத்த குளிருக்கு நீங்களும் உங்கள் சீமைப் பனிச்சை மரங்களுக்காகப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நழுவுவீர்கள், நம் வயதில் எல்லோரும் செய்வதுதான். அப்போது மோகிதில் பாலாடைக் கிண்ணத்தை உங்கள் பக்கம் தள்ளி வைத்தால், எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அவளிடம் எதையும் ஒளிக்கப் பார்க்காதீர்கள் சம்பந்தி. நான் இருபத்துமூன்று வருடமாக ஒளித்து வந்ததாக இன்று மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.